கதிரைக்குப் பெயர் வைத்த மனிதர்

வாணி விழாவுக்காக வாசலில் கட்டிய இரண்டு வாழைகளில் ஒன்றை மான்கள் இடுப்பளவுக்குத் தின்று முடித்திருந்தன. மற்றதைத் தின்றுகொண்டிருந்த புள்ளிமான் ஒன்று, முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கிய பூரணியை நிமிர்ந்து பார்த்தது. இந்தக் கந்தோருக்கு வருகிறவர்களால் உலகத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தீர்ப்பெழுதியதுபோல் மறுபடி குனிந்துகொண்டது. பூரணிக்கு அந்த மானின்மீது மரியாதை உண்டாயிற்று. அன்று பகல் அவள் சந்தித்த சீவன்களுள் நிதானத்தில் அதற்கு இணை எதுவும் இருக்கவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று.

"புதன்கிழமை கட்டின வாழை," என்றார் பின்னால் இறங்கிய பேணாட். "இண்டைக்குச் செவ்வாய். அவிழ்க்கச் சொல்லி மனேஜர் ஓடர் போடேல்லைப் போல. மான் ஓடருக்குக் காத்திருக்கிறேல்ல, மிஸ். அதுதான் அதின்ர நல்ல குணம்."

பேணாட் தொலைபேசித் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் கம்பம் ஏறியவர். இளைப்பாறிய பின், தனியார் துப்பறிவாளரான பூரணியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளம் சொற்பம், ஆனால் வாய்க்குப் பூட்டில்லை என்ற ஒரே சலுகைக்காக அவர் நிலைத்திருந்தார். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவராயினும் வேலை நேரத்தில் 'மிஸ்' என்றே அழைப்பார். அவள் பிழை விடும்போது மட்டும் 'பிள்ளை' என்பார்.

உட்துறைமுக வீதியின் வளைவில் இருந்த அந்தக் கந்தோர், வெண்சிப்பி கப்பல் முகவரகத்தின் திருகோணமலைக் கிளை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் தண்ணீரையும் மரக்கறியையும் இயந்திரப்படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் தொழில். கடந்த வியாழன் பின்னேரம் அந்தப் படகு சுக்கானுக்குத் திரும்பாமல் இறங்குதுறையின் கொங்கிறீட்டில் மோதிற்று. படகோட்டி றிக்சனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவன் சொன்னது ஒன்றுதான்: சுக்கான் சங்கிலி வழுக்குகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னரே கடிதம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தைத் தான் பிரதி எடுத்துக் கணினியின் பொதுக் கோவையில் சேர்த்ததாகச் சுஹைரா என்ற எழுதுவினைஞர் சொன்னாள். ஆனால் கோவையில் கடிதம் இல்லை. கொழும்புத் தலைமைக் கந்தோர், இருந்த இடத்திலிருந்தே பதிவேட்டை இழுத்துப் பார்த்தது. வெள்ளிக்கிழமை பகல் 12.52. அகற்றியவர்: சுஹைரா.

கடிதம் இல்லையென்றால் விபத்துக்குப் பொறுப்பு றிக்சன். கடிதத்தை அழித்தது சுஹைரா என்றால் அவளுக்கு வேலையும் இல்லை, மானமும் இல்லை. பொலிஸுக்குப் போவதற்கு முன்னர் வெளியாள் ஒருவர் விசாரித்ததாக ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டதால் கொழும்பு பூரணியை அமர்த்தியிருந்தது. மூன்று மணிக்கு அவர்கள் தொலைபேசி எடுப்பார்கள். இப்போது ஒன்றே முக்கால்.

முகாமையாளர் கனகரத்தினத்தின் அறைக்கு உள்ளும் புறமும் பூட்டு இருந்தது. அவர் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து, திறந்து, அவர்களை உள்ளே விட்டு, திறப்பை மறுபடி இடுப்பில் செருகிய விதத்தில் கோயில் நடை திறக்கும் பாவனை இருந்தது. அவருடைய கதிரைக்கு முதுகு உயரம். வந்தவர்களுக்கான கதிரைகளுக்குக் கால் குட்டை. அதிகாரம் என்பதைத் தச்சனிடம் சொல்லிச் செய்விக்கலாம் என்று நம்பிய மனிதரைப் பூரணி முதன்முறையாகக் காணவில்லை. இத்தனை மலிவாகச் செய்வித்தவரைத்தான் முதன்முறையாகக் கண்டாள்.

"விசாரிக்க ஒண்டும் இல்லை, தங்கச்சி," என்றார் அவர். "கொழும்பில ஒரு சம்பிரதாயம் கேக்கிறாங்கள். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுக் கையெழுத்தை வையுங்கோ."

சுஹைரா மீது தமக்குக் கோபமே இல்லை என்று அவர் விளக்கினார். கடிதத்தைத் தம்மிடம் காட்ட மறந்திருக்கிறாள். விபத்து நடந்ததும் பயந்து அழித்திருக்கிறாள். சின்னப் பெண்கள் செய்வதுதான். ஆகவே ஒப்புதல் வாக்குமூலத்தைத் தாமே சொல்லித் தட்டச்சு செய்வித்து அவள் மேசையில் வைத்திருக்கிறார். ஒப்பமிட்டால் பொலிஸ் இல்லை, வேலைநீக்கம் மட்டும். இதை அவர் கருணை என்ற சொல்லால் குறிப்பிட்டார். அந்தச் சொல் இதைவிட இழிந்த வேலைக்கு எப்போதாவது அனுப்பப்பட்டிருக்குமா என்று பூரணி யோசித்துப் பார்த்தாள்.

வேறு யாராவது சுஹைராவின் பெயரில் நுழைந்திருக்க முடியாதா என்று அவள் கேட்டாள்.

கனகரத்தினம் சிரித்தார். அந்தக் கேள்விக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரே தாம் முடிவு கட்டிவிட்டதாகச் சொன்னார். லினக்ஸ் கணினிப் பெட்டிகளைப் பொருத்த வந்தவர் ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்க வேண்டும் என்று நின்றாராம். கடவுச்சொல் வைத்தால் மறப்பார்கள், மறந்தால் தம் கதவைத் தட்டுவார்கள். ஆகவே வேண்டாம் என்று ஓடர் போட்டாராம். காலையில் மின்சாரத்தைப் போட்டால் பெட்டி தானாக உரியவரின் பெயரில் திறக்கும். திரையில் பெயர்கூடக் காட்டாது; எல்லோருக்கும் ஒரே படம், கம்பனியின் பழைய கப்பல்.

"கதிரையில ஆர் இருக்கிறாரோ அவர்தான் ஆள். வெள்ளிக்கிழமை அந்த நேரம் மற்ற ரண்டு கிளாக்மாரில றுவைஸ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போட்டார், தினுஷா சாப்பாட்டுக் கடைக்கு. மண்டபத்தில அவள் மட்டும்தான் தன்ர கதிரையில."

"நீங்கள்?" என்றாள் பூரணி.

"நான் இஞ்சதான். கதவைப் பூட்டிப்போட்டுத்தான் சாப்பிடுறனான். பதினொரு வருசமாய் இந்தத் திறப்பு என்ர இடுப்பை விட்டு இறங்கினதில்லை. என்னைத் தவிர ஒரு குருவியும் இந்தக் கதிரையில குந்தினதில்லை."

பேணாட் அதைத் தம் குறிப்புப் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். குருவி என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

பதிவேட்டைக் காட்டுவதற்காகக் கனகரத்தினம் திரைப்பக்கம் திரும்பினார். மூக்கு திரையைத் தொடுமளவுக்குக் குனிந்தார். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். வியாழக்கிழமையிலிருந்து இந்தச் சனியன் எழுத்தைச் சுருக்கிக் காட்டுகிறது, கொழும்பு வாங்குவதெல்லாம் தரமில்லாத சாமான் என்று ஏசிவிட்டு, வாசிக்கும் வேலையைப் பூரணியிடமே விட்டார். மூக்குக்கண்ணாடி போடுவதைத் தோல்வியாகக் கருதும் ஆண்களின் சங்கத்தில் அவர் ஆயுட்கால அங்கத்தவர் என்பது விளங்கிற்று.

பூரணி திரையைப் பார்த்தாள். எழுத்துகள் சாதாரண அளவில்தான் இருந்தன.

*

மண்டபத்தின் மூன்றாவது மேசையில் சுஹைரா இருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். முன்னால் அச்சிட்ட ஒரு தாள். அதன் மேல் முகாமையாளர் கொடுத்த பேனை. அவள் அந்தப் பேனையைத் தொடவில்லை என்பதும், தாளின் ஓரம் விரல் பட்டுப் பட்டு மடங்கியிருந்ததும் பூரணியின் கண்ணில் பட்டன.

ஒப்பமிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தாள். நாளைக்கு அவளுடைய ஊரான குறிஞ்சாக்கேணி முழுவதும், கடிதம் அழித்து ஒரு படகோட்டியின் காலையும் பிழைப்பையும் முறித்தவள் என்று சொல்லும். ஒப்பமிடாவிட்டால் பொலிஸ் வந்து வாப்பாவின் கடை வாசலில் நிற்கும். இரண்டில் எது கூடாதது என்று முடிவு செய்ய முகாமையாளர் மூன்று மணிவரை அவகாசம் தந்திருக்கிறார். இதையெல்லாம் அவள் ஒரே தொனியில் சொன்னாள், அழவில்லை. அதனாலேயே கந்தோர் அவளைக் குற்றவாளி என்று முடிவு செய்திருக்க வேண்டும். அழுதிருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்பது வேறு விடயம்.

"வெள்ளிக்கிழமை அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"இந்தக் கதிரையிலதான் மிஸ் இருந்தன். இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். சனிக்கிழமை வாற கப்பலுக்கு வருகை அறிவித்தல் அடிச்சன், மூணு பக்கம். ஒரு மணிக்கு முதல் அனுப்பிட்டன்."

"றிக்சனின் கடிதத்தில் என்ன இருந்தது?"

"சங்கிலி வழுக்குது, ஆளுக்கு ஆபத்து வரும், திருத்தித் தாங்கோ எண்டு. நான் அண்டைக்கே ஐயாட்டக் குடுத்தன். ஐயா அதில பச்சை மையால ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார். அதோடதான் பிரதி எடுத்துப் போட்டன்." அவள் தாளின் ஓரத்தை மறுபடி மடித்தாள். "தாளை வெள்ளிக்கிழமை காலமை ஐயா வாங்கிட்டார். அந்த வரியை என்ட வாயால சொல்ல மாட்டன். சொன்னா அதையும் நான் கட்டினதெண்டுதான் சொல்லுவாங்க."

பூரணி அவளுடைய திரையை எட்டிப் பார்த்தாள். பழைய கப்பலின் படத்துக்கு மேல் ஒரு கடிதம் திறந்திருந்தது. ஒரு வரிக்கு நாலு சொற்களுக்கு மேல் அதில் இடமில்லை. எழுத்து ஒவ்வொன்றும் பஸ் நிலையத்து ஊர்ப் பலகையில் இருப்பதுபோல் நின்றது.

கண்ணில் ஏதும் குறையா என்று கேட்டாள். இல்லை என்றாள் சுஹைரா. வியாழக்கிழமை காலையில் திரையைத் திறந்தபோதே எழுத்து இப்படி ஊதிப்போயிருந்ததாம். யாரிடம் சொல்வது? ஐயாவிடம் சொன்னால், தட்டத் தெரியாதவள் எழுத்தைக் குறை சொல்கிறாள் என்பார். ஆகவே அதோடு பழகிக்கொண்டாள்.

பூரணி நிமிர்ந்தாள். ஒரே கூரையின் கீழ், ஒரே வியாழக்கிழமையில், ஒருவருக்கு எழுத்து இளைத்திருக்கிறது, இன்னொருவருக்குக் கொழுத்திருக்கிறது. ஒருவர் ஏசுகிறார்; மற்றவர் பொறுத்துக்கொள்கிறார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைத்திருந்தால் தனக்கு இங்கே வேலையே இருந்திராது. ஆனால் அந்தக் கந்தோரில் மேலிருந்து கீழே ஓடர் மட்டும்தான் இறங்கும். கீழிருந்து மேலே எதுவும் ஏறுவதில்லை. றிக்சனின் கடிதம் ஏற முயன்றதன் விளைவு ஆசுபத்திரியில் படுத்திருந்தது.

*

பெட்டிகளையெல்லாம் ஆளும் சேவர் கணினி, குசினிக்குப் பக்கத்தில் ஒரு பழைய அலுமாரிக்குள் இருந்தது. பேணாட் அதன் முன் ஒரு வாங்குப் பலகையில் குந்தி, திரையொன்றை மடியில் வைத்து, பொருத்தியவர் விட்டுப்போன குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பொருத்தியவர் இப்போது டோகாவில். அலுமாரிக் கதவின் உட்புறத்தில் அவர் ஒட்டிய தாளில் நாலு இலக்கங்களும் நாலு பெயர்களும் இருந்தன: முகாமையாளர், தினுஷா, றுவைஸ், சுஹைரா.

"மிஸ், இந்தப் பெட்டியளுக்கு வயித்துக்குள்ள ஒண்டும் இல்லை," என்றார் பேணாட். "சேமிக்கத் தட்டும் இல்லை, ஞாபகமும் இல்லை. காலமை எழும்பி, நான் ஆர் எண்டு இந்தச் சேவரைக் கேக்கும். சேவர் அதின்ர பிறப்பிலக்கத்தைப் பாத்து, நீ இன்னார் எண்டு சொல்லும். உடனே இன்னாரின்ர எழுத்தளவு, இன்னாரின்ர குப்பைக்கூடை, எல்லாம் வந்திடும். குடிகாரனைக் காலமை பொஞ்சாதி எழுப்பிப் பேர் சொல்லிக் குடுக்கிற மாதிரி."

"சேவர் கதிரையைப் பார்க்காதா?"

"கதிரைக்கு வயர் இல்லையே, மிஸ்."

பூரணி முறுவலிக்கவில்லை. ஆனால் பேணாட்டின் பகிடிகளுள் பத்தில் ஒன்று பகிடியாக இருப்பதில்லை என்பதும், அந்த ஒன்றுக்காகத்தான் தான் சம்பளம் கொடுக்கிறாள் என்பதும் அவளுக்கு நினைவு வந்தன. வெள்ளிக்கிழமை வருகை அறிவித்தலை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். கோவையில் அது இருந்தது. மூன்று பக்கம், சுத்தமான ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. 12.31க்குத் தொடங்கி 12.56க்கு முடிந்திருந்தது.

பேணாட் அதன் உரிமையாளர் பெயரைப் பார்த்தார். திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மிஸ், இதை அடிச்சது மனேஜராம்."

வாக்குமூலத்தைக்கூட வேறொருவரைக் கொண்டு தட்டச்சு செய்விக்கும் ஒரு மனிதர், பூட்டிய அறைக்குள் சோறும் மீனும் தின்றுகொண்டு, இருபத்தைந்து நிமிடத்தில் மூன்று பக்கம் பிழையில்லாத ஆங்கிலம் அடித்திருக்கிறார்.

"அற்புதம் நடந்திருக்கு," என்றார் பேணாட். "பங்குச்சுவாமிக்கு அறிவிப்பம்."

*

தினுஷா சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு குசினியில் நின்றாள். வாணி விழாவைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. அந்தக் கந்தோரில் வருடத்தில் ஒரு நாள் மட்டும் முகாமையாளர் எவரையும் ஏசுவதில்லை, அது அந்த நாள். புதன்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன் பேரேடுகள், முத்திரைகள், பேனைகள் எல்லாவற்றையும் அடுக்கினார்களாம். கணினியும் தொழிற்கருவிதானே, அதையும் வை என்றார் ஐயா. திரைகளைத் தூக்க ஏலாது என்பதால், திரைகளுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நாலு பெட்டிகளை மட்டும் கழற்றிப் படத்தின் முன் வைத்தார்கள். புத்தகமளவுகூட இல்லாத கறுப்புப் பெட்டிகள்.

"என்னைப்போல சேர்ச்சுக்குப் போற வேதக்காரியும் முஸ்லிம் ஆக்களும் இருக்கிற கந்தோர் எண்டபடியால் எங்கட பெட்டிக்குப் பொட்டு வேண்டாமோ எண்டு ஆரோ கேட்டவை. ஐயா, ஆக்களுக்குத்தான் சமயம், பெட்டிக்கு இல்லை எண்டு சொல்லி எல்லாத்துக்கும் தன்ர கையாலயே சந்தனம் வைச்சவர்." தினுஷாவுக்கு அதில் குறை இருக்கவில்லை, அவல் நல்ல ருசி என்றாள்.

வியாழக்கிழமை காலை திருப்பிப் பொருத்தியது யார்?

"நான்தான். ஐயா அறையைத் திறந்துபோட்டு வாசல்ல நிண்டவர், நான் உள்ள போய்க் கொழுவிட்டு வந்தனான்."

எது யாருடையது என்று எப்படித் தெரிந்தது?

தினுஷா அந்தக் கேள்வியை விநோதமாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே பெட்டிதானே. ஐயாதானே சொல்கிறவர், கதிரையில் யார் இருக்கிறாரோ அவர்தான் ஆள் என்று.

பூரணி நேராகச் சுஹைராவின் மேசைக்குப் போய், திரையின் பின்னாலிருந்த பெட்டியைத் தொட்டாள். சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் கறுத்து, அப்பமளவுக்குப் படிந்திருந்தது. கறுப்புப் பெட்டியில் முகாமையாளர் பொட்டுக்குத் தெரிவு செய்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் அந்த மனிதரின்மீது நன்றிகூட உண்டாயிற்று. பெட்டியில் வெள்ளையாக இருந்த ஒரே இடம், இலக்கம் அச்சிட்டு ஒட்டிய சிறு கடதாசி. அதை நெற்றியென்று கருதி, குறி தப்பாமல் அதன் மேலேயே அப்பியிருந்தார். தமது மண்டபத்திலிருந்த ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் ஒரு மனிதர் பக்தியோடு தாமே அழித்திருந்தார்.

அவள் தண்ணீர்த் துணி கேட்டாள். அதற்குள் கனகரத்தினம் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"அதில கை வைக்காதேங்கோ. சாமிப் பொட்டு."

"நான் துடைக்கிறன் ஐயா," என்றார் பேணாட். "எனக்கு உங்கட பாவம் ஒட்டாது. என்ர பாவத்துக்கே ஞாயிற்றுக்கிழமை வரிசை."

பூரணி துணியை அவரிடம் கொடுக்கவில்லை. தானே துடைத்தாள். இலக்கம் எழுந்து வந்தது. பேணாட் அலுமாரிக் கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தார். சுஹைராவின் மேசையில் இருந்த பெட்டி முகாமையாளருடையது.

றுவைஸும் தினுஷாவும் தத்தம் திரைகளுக்குப் பின்னால் போய்த் துடைத்துப் பார்த்தார்கள். தினுஷா ஆறு நாளாக றுவைஸாக இருந்திருக்கிறாள், றுவைஸ் தினுஷாவாக.

"கந்தோர் முழுக்க ஆள்மாறாட்டம்," என்றார் பேணாட். "இஞ்ச தானாய் இருக்கிறது சுவர் மணிக்கூடு மட்டும்தான், மிஸ். அதுவும் பத்து நிமிசம் பிந்தி."

நாலில் மூன்று தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரு பெட்டி. மிச்சமிருந்தது ஒரு பெயர். எல்லோரும் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தார்கள்.

கனகரத்தினத்துக்கு நிலைமை விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் செய்தது, விளங்காதவர் செய்வதைவிட மோசமாக இருந்தது. இந்தப் பெட்டிகளை இன்று காலையில்கூட யாரும் மாற்றியிருக்கலாம் என்றார். சுஹைராவே மாற்றியிருக்கலாம் என்றார். தம்முடைய அறைக்குள் யாராவது புகுந்து தம்முடைய கதிரையில் இருந்தே அந்தக் கடிதத்தை அழித்திருக்கலாம் என்றும் சொன்னார்.

பேணாட் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். "ஒரு குருவியும் குந்தினதில்லை," என்று வாசித்தார். "நேரம் ஒண்டு ஐம்பத்தைஞ்சு. சொன்னவர் நீங்கள்."

"எழுத்து எப்பத்தேலிருந்து சுருங்கினது?" என்று பூரணி கேட்டாள்.

வியாழக்கிழமையிலிருந்து என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். சுஹைராவின் எழுத்தளவோடு, சுஹைராவின் பெயரோடு, ஆறு நாளாக அவர் தம் உயர்ந்த கதிரையில் வீற்றிருந்தார். வெள்ளிக்கிழமை பகல் கதவைப் பூட்டிவிட்டு, சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, அந்தக் கடிதத்தை அகற்றினார். அப்போது தம் பெயர் பதிவாகும் என்றுகூட அவர் யோசித்திருக்க மாட்டார். யோசிப்பது கீழுள்ளவர்களின் வேலை. பிறகு கொழும்பிலிருந்து சுஹைராவின் பெயர் வந்திறங்கியபோது, அது ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை. கடவுள் தந்த வரம் என்று வாங்கி, வாக்குமூலமாக அச்சடித்து, பேனையும் வைத்துவிட்டார். சதி செய்யுமளவுக்கு மூளையுள்ள ஒரு எதிரியை எதிர்பார்த்து வந்த பூரணிக்கு, காலடியில் கிடந்த பொய்யைப் பொறுக்கி எடுத்துத் தன்னதாக்கிய ஒருவரைக் கண்டதில் ஏமாற்றமும் இருந்தது.

"சரி, மாறிப்போச்சு," என்றார் அவர் இறுதியில். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நம்பிக்கை முற்றாகப் போகவில்லை. "இப்ப கடிதம் எங்க? கடிதம் இல்லாமல் என்ன கதை? ஏதோ தேவையில்லாத குப்பையை நான் அகற்றியிருப்பன். அதில என்ன எழுதியிருந்ததெண்டு ஆர் கண்டது?"

பூரணிக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது. அவள் பேணாட்டைப் பார்த்தாள். பேணாட் வழக்கத்துக்கு மாறாகக் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார் அவர்.

அவள் எதையோ தவறவிட்டிருக்கிறாள். அவர் அலுமாரிக்கு முன்னால் சொன்னதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இன்னாரின் எழுத்தளவு. இன்னாரின் குப்பைக்கூடை.

கனகரத்தினம் எறிந்தது போய்விடும் என்று நம்புகிறவர். வாழ்நாள் முழுவதும் அவர் எறிந்ததைப் பிறர் பொறுக்கியிருக்கிறார்கள். ஆகவே எறிந்த பொருள் எங்கே போகிறது என்று அறிய அவருக்கு அவசியம் வந்ததில்லை. கொழும்பில் பதிவேட்டைப் பார்த்தவரும் ஒரு பெயர் கிடைத்த திருப்தியில் அதற்கு மேல் தேடவில்லை.

"திறப்பைத் தாருங்கோ," என்றாள் பூரணி.

பதினொரு வருடத்தில் முதன்முறையாகத் திறப்பு இடுப்பை விட்டு இறங்கியது. எல்லோரும் அறைக்குள் போனார்கள். கனகரத்தினம் பழக்கத்தின் பலத்தால் தம் கதிரையை நோக்கி நடந்தார். பூரணி குறுக்கே நின்றாள்.

"சேவர் கணக்கில இது சுஹைராவின்ர இடம். நீங்கள் போட்ட ஓடர்தான். சுஹைரா, நீங்கள் இருங்கோ."

சுஹைரா தயங்கினாள். பிறகு முன்னேறி, அந்த உயர்ந்த முதுகுக் கதிரையின் நுனியில் அமர்ந்தாள். முகாமையாளர் குட்டைக் கால் கதிரைகளுள் ஒன்றில் இருந்தார், வேறிடம் இருக்கவில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

அவள் திரையிலிருந்த குப்பைக்கூடையைத் திறந்தாள். அதற்குள் ஒரேயொரு கோப்புத்தான் இருந்தது.

அச்சுப்பொறி மண்டபத்தில் இரைந்தது. தினுஷா தாளை எடுத்து வந்தாள். றிக்சனின் கோணல் எழுத்தில் ஒன்பது வரி: சங்கிலி வழுக்குவது, திருப்பத்தில் சுக்கான் பிடிக்காமற் போவது, ஆளுக்கு ஆபத்து வருமுன் திருத்தித் தரும்படி தாழ்மையான வேண்டுகோள். அதற்குக் குறுக்காக, றிக்சனின் இரண்டு வரிகளை மிதித்துக்கொண்டு, முகாமையாளரின் கையெழுத்து, திகதியோடு:

'ஆடத் தெரியாதவள் அரங்கு கோணல் என்றாளாம். கோவையிலிடவும்.'

மேசையிலிருந்த தொலைபேசி ஒலித்தது. கொழும்பு. சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்குப் பத்து நிமிடம் குறைவாக இருந்தது. அதை எவரும் நம்பவில்லை. பூரணி எடுத்து, விசாரணை முடிந்தது, கையெழுத்து வைப்பேன், ஆனால் வேறு தாளில் என்றாள். றிக்சனின் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினாள். பச்சை மை வரியை மறுமுனையில் மறுபடி வாசிக்கக் கேட்டார்கள். பிறகு முகாமையாளரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் குட்டைக் கதிரையிலிருந்து எழ முயன்று, இரண்டாம் தடவை எழுந்தார்.

சுஹைரா அச்சிட்ட தாளைக் கோவையொன்றில் வைத்து முடிச்சுப் போட்டாள். தன் மேசையிலிருந்த வாக்குமூலத்தையும் பேனையையும் எடுத்து வந்து, தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்ற மனிதரின் முன்னால் வைத்தாள்.

"ஐயாட ஓடர்ப்படிதான்," என்றாள். "கோவையில போட்டிருக்கன்."